துணியறிந்து நூலெடு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மேடைக்குப் பின்னால் தொங்குகிறதே, அந்த வண்ணத் துணியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும். ஒலிபெருக்கி பிடித்துப் பழக்கமில்லை. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வழிகாட்டியவர்கள் சாங்கி சிறையிலிருந்த பெண்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆண்களை ஒரு பக்கமும் பெண்களைப் பிள்ளைகளோடு இன்னொரு பக்கமுமாகச் சிறையில் அடைத்தார்கள். எத்தல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணியின் யோசனைப்படி, அந்தப் பெண்கள் ஆளுக்கொரு துண்டில் பூத்தையல் போட்டார்கள். 66 துண்டுகளை இணைத்தால் ஒரு போர்வை. அப்படி மூன்று போர்வைகள். துண்டிலே பெயரையும் தைத்தார்கள். ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று வெளியே சொல்ல அவர்களுக்கு அது ஒரு வழி. இரண்டு போர்வைகள் இன்றும் கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அதைச் சொன்னதும் நம் தாய்மார்கள், “நாமும் செய்வோம் டீச்சர்” என்றார்கள். வீட்டுக்கொரு பழந்துணி கேட்டோம். சுங்குடிச் சேலை, பாத்திக் கைலி, அக்கா போட்டு முடித்த நீலப் பினஃபோர் என்று 36 துண்டுகள் சேர்ந்தன. இணைத்துத் தைப்பது சுலபம். மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற குயில்ட்டிங் தையலுக்கு என்ன கோலம், என்ன நிற நூல்? அங்கேதான் எங்களுக்குள்ளே வாக்குவாதம் வந்தது!

கோலத்தை முதலில் சொல்கிறேன். பூவும் கொடியும் நிறைந்த பாத்திக்கின் மேல் இன்னொரு பூவைத் தைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, உழைப்பு வீண். அதற்குக் குறுக்குக் கோடு போதும். வெறுந்துணியில்தான் கோலம் எடுபடும். நம்ம வாசலில் போடுகிற சிக்குக் கோலம் தையல் மிஷினுக்கென்றே பிறந்தது மாதிரி! தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து முடிவதால், நடுவில் நூலை அறுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். ஒரு கட்டத்தில் நெருக்கமாகவும் அடுத்ததில் கலகலவென்றும் தைத்தால், சுவரில் மாட்டும்போது துணி சுருங்கி நெளியும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும்.

அடுத்து நூல். கடையில் நூற்கண்டைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். கண்டில் அழுத்தமாகத் தெரிகிற நிறம், ஒற்றை இழையாகத் தைத்தபின் வெளிறித் தெரியும். ஒரு முழம் உருவித் துணியின் மேல் போடுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள்; சுவரில் தொங்குவதைப் பத்தடியிலிருந்துதானே பார்க்கப் போகிறோம்? பல நிறம் கலந்த துணிக்குச் சாம்பல் அல்லது தவிட்டு நிற நூல் அடக்கமாகச் சேர்ந்துகொள்ளும். பாபினிலும் அதே நிறம் போட்டால், அடிநூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்காது. சிவப்புத் துணியைத் தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே வெட்டுங்கள். அதே மூன்று அடுக்கில் ஒரு சிறு துண்டைத் தைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பெரியதைத் தொடுங்கள்.

இத்தனையும் தெரிந்த நானே ஓரிடத்தில் தவறினேன். ஒரு பாட்டி, பால்மரம் வெட்டப் போகும்போது போட்ட முழுக்கைச் சட்டையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தார். வெளுத்துப்போன காக்கி, ஆங்காங்கே பால் கறை. வண்ணமயமான 35 துண்டுகளுக்கு நடுவே அது எனக்கு உறுத்தியது. ஓரத்தில் வைத்து, அதே நிற நூலால் தைத்து மறைத்துவிடலாம் என்றேன்.

பாட்டி சத்தம் போடவில்லை. “ஏன் டீச்சர், ஒளிச்சு வைக்கவா தைக்கிறோம்?” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நூல் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். துழாவித் துழாவித் தடித்த வெள்ளை நூலை எடுத்தார். கோலம் என்ன போடலாம் என்றேன். விரலால் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகச் சாய்த்து ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே இன்னொன்று, இன்னொன்று. பால்மரத்தில் கத்தி போட்ட வெட்டு! தடித்த நூல் மிஷினில் அறுந்துகொண்டே இருந்தது. அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு கையால் தைத்தார். சில தையல் கோணல்தான். பிரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது திரும்பிப் பாருங்கள். நடுவரிசையில், வெள்ளைக் கோடு போட்ட காக்கித் துண்டு. மண்டபத்தின் கடைசி நாற்காலியிலிருந்தும் அது தெரிகிறதா இல்லையா? சுற்றியுள்ள நிறங்களுக்கும் அதனால் அழகு கூடித்தான் இருக்கிறது. அந்தத் தோட்டம் இன்றைக்கு இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. அங்கே பாடுபட்ட கை ஒன்று இந்தப் பள்ளிச் சுவரில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! நூல் துணியோடு அடங்கிப் போக வேண்டிய இடம் உண்டு. எடுப்பாகத் தெரிய வேண்டிய இடமும் உண்டு. அதைத் துணியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தத் துணியை உடுத்தி உழைத்தவரையும் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்யுங்கள். இன்று பரிசோடு வீட்டுக்குப் போனதும், உங்கள் பாட்டி பெட்டியில் என்ன துணி வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு சுவர் காலியாகத்தான் இருக்கிறது!