பேரோடு சொல்லும் கதை

(உப்புவெளியில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கடல் பார்க்கிற அவசரம். அதனால் நீட்டாமல் பேசுகிறேன்.

வேலைத்தளத்தில் ஒற்றுமையை வளர்க்கக் கதை சொல்வது எப்படி என்பது இன்று எனக்குத் தந்த தலைப்பு. சம்பளமும் அரைப்பேரும் பேச வேண்டிய இடத்தில் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே முயற்சி செய்கிறேன்.

இந்த உப்புவெளியில், நிலாவெளி வீதி ஓரத்தில், ஒரு யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இறந்த படைவீரர்களை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின; அந்தக் காலத்து மயானம் அது. அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கல். கல்லில் பேர், படைப்பிரிவு, இறந்த தேதி. இன்றைக்கும் புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். நல்ல காரியம். மத்தியானம் நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

இப்போது நம்முடைய ஆட்களை நினைத்துப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கல் இல்லை, பேர் இல்லை, தேதி இல்லை. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் திரும்ப நடந்தார்கள். அப்படி நடக்க முடிந்தது, அந்தப் பாதையின் கதையை நம் பாட்டன் பூட்டிமார் லயத்துத் திண்ணையில் விடாமல் சொல்லி வந்ததால்தான். எழுதி வைக்க ஆள் இல்லாத காலத்தில் வாய்தான் நமக்குப் பதிவேடு.

நம் சங்கங்களுக்கும் அதே கதைதான். 1930களில் தோட்டத்துக்குள் வெளியாள் சுலபமாக நுழைய முடியாது. அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், அதற்கு முன்பே புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்து வந்தவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தொழிலாளர் கஷ்டத்தைப் பாட்டாகப் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் சிறு புத்தகமாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாதவர் காதிலும் பாட்டு ஏறும். சங்கக்காரர் போக முடியாத லயத்துக்கும் பாட்டு போகும்.

அதே 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நம்மில் பலர் இந்தக் கதையை இந்த இடத்திலேயே நிறுத்தி விடுகிறோம். அப்படி நிறுத்தினால் கேட்கிற இளைஞருக்கு மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

மீதியையும் சொல்லுங்கள். அந்தச் சாவோடு கதை அடங்கவில்லை. நாடு பூராவும் எழுந்த எதிர்ப்பால் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டி வந்தது. கோவிந்தனின் மனைவிக்காக அந்தக் கமிஷன் முன்னால் நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு சிங்களச் சட்டத்தரணி. அதே ஆண்டில் ஊவாவில் வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். இன்றைக்கு நீங்கள் தோட்டக் கமிட்டித் தலைவர் என்று நிமிர்ந்து பேசுகிறீர்களே, அதன் வேர் இப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறது.

ஆகவே ஒரு கதையில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். யார்? என்ன கேட்டார்கள்? யார் கூட நின்றார்கள்? எப்படி முடிந்தது? தோற்றிருந்தால் தோற்றது என்றே சொல்லுங்கள். 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர். பேரைச் சொல்லும்போது காணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு மாலையோடு அவர் கதை முடிந்துவிடும்.

இன்னொன்று. நம் மேடைக் கதைகளில் தலைவர்கள் நிறைய வருகிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் குறைவாகவே வருகிறார்கள். 2015 செப்டம்பரில் கேரளத்து மூணாறில் என்ன நடந்தது? போன வருஷம் 20 வீதமாக இருந்த போனஸை 10 வீதமாகக் குறைத்ததும், தமிழ்ப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். தங்கள் சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. மைக்கைத் தாங்களே பிடித்து, தங்கள் வேலையையும் லயத்தையும் தாங்களே சொன்னார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து பழைய 20 வீதம் கிடைத்தது. சங்கம் தன் ஆட்களின் கதையைக் கேட்க மறந்தால் ஆட்கள் சங்கத்தைத் தாண்டிப் போவார்கள். இது நமக்கும் பாடம்.

கம்பனிகளும் இப்போது கதை சொல்லப் பழகுகின்றன. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்பது அவர்களுக்குப் பிடித்த கதை. கேட்க நன்றாக இருக்கிறது. குடும்பம் என்றால் கொழுந்து நிறுக்கும்போது ஏன் கிலோ வெட்ட வேண்டும், மழையில் நனைந்து எடுத்தவளுக்கு ஏன் அரைப்பேர் போட வேண்டும் என்று மரியாதையாகவே கேளுங்கள். அப்படிக் கேட்க நம்மிடம் நம்முடைய கதை, தேதியோடும் கணக்கோடும் இருக்க வேண்டும்.

அதனால் நீங்கள் ஊருக்குப் போய்ச் செய்ய மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, மாதாந்தக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் பத்து நிமிஷம் ஒரு கதைக்கு. ஒரு மாதம் வயதானவர், அடுத்த மாதம் இப்போது மலையில் நிற்கிற ஒரு தங்கை. புதிதாகப் பேர் பதிந்த பிள்ளையை முன்னால் உட்கார வையுங்கள். சிங்களத் தொழிலாளர் இருந்தால் சிங்களத்திலும் சொல்லுங்கள். கொல்வின் கதை அவர்களுக்கும் சொந்தம்.

இரண்டாவது, ஒரு சீ.ஆர். கொப்பி. "கிலோ வெட்டுகிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் அது புலம்பல். எந்தத் தேதி, எந்த மலை, எத்தனை கிலோ எடுத்தாள், செக்ரோலில் எத்தனை விழுந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதினால், அதே கதை தொழில் திணைக்களத்தில் முறைப்பாடாக நிற்கும். ஒரு கிலோவைக் கூட கூட்டி எழுதாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் பத்து உண்மை விழுந்துவிடும்.

மூன்றாவது, ஒருவர் கதையை அவரிடம் கேட்காமல் சொல்லாதீர்கள். ஒரு பெண் தனக்கு நேர்ந்த கொடுமையைத் தலைவியிடம் சொன்னால், அது அவளுடைய கதை. அதை எப்போது, எங்கே சொல்வது என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்தவள் வாய் திறக்க மாட்டாள்.

1977ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்குக் கிட்ட. அவர்கள் பேரப் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்புக் கடைகளிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கும், சந்தா எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியவில்லை. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்கு நன்றாகத் தெரியும். நம் ஆட்களின் பேர் நம் கதையிலும் விழ வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் ஒரு பேரும், ஒரு தேதியும், ஒரு கதையும் கொண்டு வாருங்கள்.