யவனமணியும் தமிழ்மணியும்

(வண்டியூரில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மண்ணுக்குள் பழமை உறங்குகின்றது என்பதை வண்டியூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருமலை மன்னர் தம் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளமே நம் தெப்பக்குளமாயிற்று என்றும், அப்பள்ளத்திலிருந்தே முக்குறுணிப் பிள்ளையார் வெளிப்பட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றோம். அத்துணைப் பெரிய உருவம் வெளிப்பட்டால் ஊரே திரண்டு காணும். கடுகினும் சற்றே பெரியதொரு மணி வெளிப்பட்டால் யார் காண்பார்? அச்சிறு மணியைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

தமிழகத்து அகழாய்வுக் குழிகளில் கண்ணாடி மணி கிடைத்தவுடன், “உரோம மணி கிடைத்தது” என்று பேசுவார் இன்றும் உளர். அழகிய பொருளாயின் அயலான் செய்திருக்க வேண்டும் என்னும் அடிமையெண்ணமே அப்பேச்சின் வேர். ஒரு மணி யாருடையது என்பதை நம் விருப்பம் முடிவு செய்யலாகாது. அயலார் விருப்பமும் முடிவு செய்யலாகாது. அம்மணியே சொல்ல வேண்டும். இதுவே யான் வலியுறுத்த விழைவது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். 1937-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் சூவோ துப்ராய் அவ்வூர்ச் சிறுவரிடமிருந்து சில மணிகளைப் பெற்றார். அவற்றுள் ஒன்றில் உரோமப் பேரரசன் அகசுதசின் தலை பொறிக்கப்பட்டிருந்தது எனக் கண்டார். 1945-இல் வீலர் அங்கு அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் செம்பாண்ட ஓடுகளும் மதுச்சாடிகளும் கிடைத்தன. அவர் தம் ஆய்வறிக்கைக்கு இட்ட தலைப்பே அவ்விடத்தை ‘இந்திய-உரோம வாணிக நிலையம்’ என்றது. அதுமுதல், உரோமன் வந்த பின்னரே அரிக்கமேடு பிறந்தது என்பதுபோல் பலரும் எழுதலாயினர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? விமலா பெக்லி அம்மையார் பழைய சான்றுகளை மறுபடியும் ஆராய்ந்தார். 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழ்ந்தார். உரோம வாணிகம் செழிப்பதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதும், உரோம வாணிகம் குன்றிய பின்னரும் ஊர் முற்றும் அழிந்திலது என்பதும் புலனாயின. வந்த விருந்தினன் பெயரால் வீட்டை அழைத்துவந்த பிழை இவ்வாறு திருந்தியது.

இன்னொரு செய்தியும் உண்டு. அரிக்கமேட்டிலேயே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. காய்ச்சிய கண்ணாடியை நடுவே துளையுள்ள நீண்ட குழலாக இழுப்பர். ஆறியதும் அதைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். கூரிய விளிம்பு மழுங்குமாறு அவற்றை மீண்டும் சூடேற்றுவர். இவ்வாறு செய்யப்பட்ட செம்மணி, கருமணி, மஞ்சள்மணி, நீலமணி ஆகியவை பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. நம் பெண்டிர் பாசிமணி என்பரே, அவ்வகையின. இவ்வகை மணிகள் கீழ்த்திசையில் சப்பான் வரையிலும், மேல்திசையில் ஆப்பிரிக்கக் கரை வரையிலும் கிடைக்கின்றன. எகிப்து நாட்டுச் செங்கடல் துறையாகிய பெரனிகேயிலும் கிடைத்துள்ளன. அங்கு ஒரு பெருஞ்சாடியில் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகும் இருந்தது. கொற்றன் என்னும் பெயர் தமிழெழுத்தில் கீறப்பட்ட ஓடும் அவ்வூரில் கிடைத்தது. ஆகவே உரோமரின் துறையிலேயே நம் நாட்டு மணி உண்டு! அதனை எப்பெயரால் அழைப்பது?

மணி தானே சொல்லும் என்றேன். எவ்வாறு சொல்லும்? கண்ணாடி என்பது மணலும் உவர்ப்பொருளும் சேர்ந்து உருகியது. உரோமப் பேரரசில் கண்ணாடி செய்தோர் எகிப்து நாட்டு ஏரிகளில் விளைந்த நேட்ரான் என்னும் உவர்ப்பைப் பயன்படுத்தினர். தென்னாட்டுக் கண்ணாடி பலவற்றிலோ அலுமினியக் கூறு மிகுந்திருக்கும். அது நம் மணலின் தன்மை. எனவே வேதியல் ஆய்வு ஒரு சிறு துகளைக் கொண்டே பிறந்த நாட்டைக் காட்ட வல்லது. சப்பானில் கியோத்தோவை அடுத்த நாகவோகா ஊரில் 5-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று மணிகள் கிடைத்தன. கண்ணாடியின் இரு படலங்களுக்கிடையே பொற்றகடு வைத்துச் செய்தவை அவை. நேட்ரான் இருத்தலைக் கண்ட நாரா ஆய்வாளர்கள், அவை உரோமப் பேரரசின் எல்லையுள் செய்யப்பட்டவையாகலாம் என 2012-இல் அறிவித்தனர். அவற்றை உரோம மணி என்க. சான்று உண்டு, ஏற்கின்றோம்.

இனி நம் வைகைக் கரைக்கு வருவோம். மதுரை மாநகரில் சங்கறுத்து வளை கடைவாரும், மணிக்குத் துளையிடுவாரும் நிறைந்திருந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. மணிக்கடைத் தெருவையும் வாயில் காத்த யவனரையும் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையின் பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் உப்பு வாணிகனும், அறுவை வாணிகனும், கொழு வாணிகனும், பொற்கொல்லனும் இடம்பெற்றுள்ளனர். பாண்டியன் தலைநகராக மதுரையைப் பிளினி என்னும் உரோமர் தம் நூலில் குறித்துள்ளார். மதுரையில் வைகையாற்று மணலில் உரோமச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன; வைகை கடலொடு கலக்கும் பக்கத்து அழகன்குளத்திலும் உரோமக் காசுகளும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ளது கீழடி. அங்கு நடுவண் அரசின் தொல்லியல் துறை 2014-15-இல் அகழாய்வைத் தொடங்கிற்று. 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 செண்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சார்ந்தது என 2019-இல் அறிவிக்கப்பட்டது. அகசுதசு அரியணை ஏறியதோ கி.மு. 27-இல். இடைப்பட்டவை ஐந்நூற்றைம்பது ஆண்டுகள்! உரோமன் வருமுன் வைகைக் கரையில் வாழ்வு இல்லை என இனி எவர் வாய் திறப்பார்?

ஆயினும் தோழர்களே, மகிழ்ச்சியில் நாம் அறிவை இழத்தல் ஆகாது. கீழடியில் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. அக்கல் கூர்ச்சர நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது எனக் கருதுகின்றனர். முசிறித் துறையில் வந்திறங்கிய பொருள்களைப் பட்டியலிடும் ‘பெரிப்புளுசு’ என்னும் கிரேக்க நூல், அவற்றுள் உருச்செய்யாத கண்ணாடியையும் சேர்க்கின்றது. அக்கண்ணாடியில் தமிழன் மணி செய்திருப்பின், பொருள் யவனனுடையது, கைத்திறன் தமிழனுடையது. மறுபுறம், கொங்கு நாட்டுப் படியூரின் பச்சைநிற மணிக்கல் மேனாட்டார் விரும்பிய பொருள். கொடுமணலில் அத்தகைய கற்களை அறுத்துத் துளைத்துப் பட்டை தீட்டிய தடங்களை 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் காட்டின. கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த இனம் நம் இனம். எல்லாம் உரோமனுடையது என்பது பொய். எல்லாம் நம்முடையது என்பதும் பொய்யே. தமிழின் பெருமைக்குப் பொய்த்துணை வேண்டா. பொய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், நம் மெய் பத்தையும் உலகம் ஐயுறும்.

இனி நம் கடமைக்கு வருகின்றேன். கழுவி மெருகிட்டே மணியின் நலத்தை அறிவர் என்பது நான்மணிக்கடிகை தரும் அறிவுரை. மண்ணுதல் என்றால் கழுவுதல். அணிவோர்க்கு மண்ணிய மணி வேண்டும். ஆய்வோர்க்கோ மண்ணாத மணியே வேண்டும்! எம்மண்ணில், எவ்வாழத்தில், எவ்வோட்டின் அருகில் கிடந்தது என்பதே அதன் வாய்மொழி. எடுத்துக் கழுவிப் பையில் இட்டுவிட்டால், அது வெறும் கண்ணாடித் துண்டு. அன்று எந்த அயலானும் அதனை “உரோம மணி” என்பான். மறுத்துரைக்க நம்மிடம் சான்று இராது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இன்று மேடுகள் நிரவப்படுகின்றன, வயல்கள் மனைகளாகின்றன. பொறியின் வாய்க்குள் ஒரு நாளில் மறைவது ஈராயிரம் ஆண்டு. எனவே இளைஞர்களே, கடைகாலோ கிணறோ தோண்டும்போது உறைகிணற்று வளையம், கருப்பு-சிவப்பு ஓடு, மணி, காசு எது தென்பட்டாலும் கை வையாதீர், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊர் அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். புதைபொருள் கிடைப்பின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் சொல்கின்றது. மணியை விலைபேச வருவானுக்கு விற்காதீர். அவன் தருவது சில உருவா. கொண்டுபோவது நம் சான்று.

கீழடியின் பழம்பொருள்களை 1970-களில் முதன்முதல் தொல்லியல் துறைக்கு அறிவித்தவர் ஒரு பள்ளியாசிரியரே. அரிக்கமேட்டு மணிகளைப் பொறுக்கியவரும் ஊர்ச் சிறுவரே. ஆதலால் பெரும்பட்டம் பெற்றோர் வரும்வரை காத்திராதீர். வண்டியூர்ப் பிள்ளைகளின் கண்ணே நம் வரலாற்றுக்கு முதற்காவல்.

மணியைக் காப்போம், மண்ணோடு காப்போம், மெய்யோடு காப்போம்.

வாழ்க தமிழ்!