கடலடி வடமும் வீட்டுக் கம்பியும்

(தூத்துக்குடியில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



கொற்கை முத்து உலகறிந்தது. இக்கரையின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் கடலடியோடு இத்துறைக்குள்ள உறவு அறவில்லை. 2006-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே கண்ணாடியிழை வடம் இயங்கத் தொடங்கிற்று. மயிரிழையன்ன கண்ணாடியினுள் ஒளி ஓடிச் செய்தி சுமக்கின்றது. அத்தகைய இழையே இன்று தெருவழி வந்து வீட்டுச் சுவரில் முடிகின்றது. கடல் கடந்த செய்தி, கூடத்தினின்று அடுக்களைக்குச் செல்ல மாட்டாமல் நிற்பதன்றோ வியப்பு!

உடனே ரூட்டர் எனப்படும் திசைவியைப் புதிதாய் வாங்க ஓடுகின்றனர். அதற்குமுன் பழுதின் இடத்தைக் காணல் வேண்டும். முத்துக்குளிப்போனுக்குக் கல் கட்டிய கயிறு ஒன்று. மேலே இழுக்கும் கயிறு மற்றொன்று. எது எதற்கென்று அறியாதவன் தோணியில் கயிறு பிடிக்க மாட்டான். வீட்டிலும் வழிகள் இரண்டே: வெளியினின்று திசைவிக்கு வருவது, திசைவியினின்று கணினிக்குச் செல்வது. கணினியை நல்ல கம்பியால் திசைவியோடு பிணைத்துப் பார்த்தால் விளங்கும். விரைவு நன்றாயின் குறை அருகலையில். அப்போதும் தளர்ந்தால் திசைவியிலோ வெளிவழியிலோ.

அருகலையில் 2.4 கிகாகெர்ட்சு அலை சுவர் கடந்து தொலைவு செல்லும், விரைவு குறைவு. 5 கிகாகெர்ட்சு அலை விரைந்தது. பருத்த பழஞ்சுவரிடம் தோற்கும். திசைவியை இரும்புப் பேழைக்குப் பின்னே ஒளித்துவைத்துவிட்டு நொந்துகொள்வோரும் உளர்!

இந்நகர்க்கே உரிய பகை உப்புக்காற்று. அது கம்பிமுனைச் செருகியில் களிம்பேற்றும். அக்கம்பியுள் இரண்டிரண்டாய் முறுக்கிய 8 செப்பிழைகள் உள. நொடிக்கு 1000 மெகாபிட்டு விரைவுக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 4 போதும். எஞ்சிய நான்கில் ஒன்று தொடர்பற்றால் இணைப்பு அறாமல் பத்திலொன்றாய்ச் சுருங்கிவிடக்கூடும். வீட்டார் அதை உணராமல், உயர்விரைவுத் திட்டத்துக்குத் திங்கள்தோறும் பணங்கட்டிக்கொண்டிருப்பர். சிறு செருகியை மாற்றினால் தீரும் குறை அது! ஏழை மாணவன் வீட்டில் அப்பணம் சிறிதன்று. மாடிக்குப் புதுக்கம்பி இழுப்போர் ஒன்று நினைவிற் கொள்க: செப்புக்கம்பி 100 மீட்டர்க்கு மேல் நீளலாகாது.

கண்ணாடியிழையில் மட்டும் வீட்டார் கைவைத்தல் கூடாது. இறுக மடித்தால் ஒளி கசியும். அது முடியும் பெட்டியில் செவ்விளக்கு எரிந்தால், பெரும்பாலும் ஒளி வரவில்லை என்பதே பொருள். அப்போது நிறுவனத்தாரை அழைத்து, 'நெட் வரவில்லை' என்று பொதுப்படக் கூறாமல், 'இழையில் ஒளியில்லை' என்று கூறினால், அவர் உரிய கருவியோடு வருவார்.