கூப்பிட்டுப் பேசுவோம்



மணிமுத்தாற்றைச் சுத்தம் செய்யலாம் என்று பேச்செடுத்தாலே, "அவன் அந்தக் கட்சியாச்சே!" என்று பாதிப்பேர் ஒதுங்கிவிடுகிறோம்.

காவிரியைப் பாருங்கள். நம்ம மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவிலும் அதன் கடைமடைதான். 1991-இல் இடைக்கால உத்தரவு வந்ததும் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் 2003-இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில், இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்று கூடினார்கள். நம்ம பக்கம் மன்னார்குடி ரங்கநாதன், அந்தப் பக்கம் புட்டண்ணையா. ஒருவர் வயலை மற்றவர் நேரில் போய்ப் பார்த்தார்கள்.

பங்கீடு அதனால் முடிந்துவிடவில்லை. 2016-இல் பெங்களூரில் மறுபடி பேருந்துகள் எரிந்தன. 2018-இல் உச்ச நீதிமன்றம்தான் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்றது. "அப்போ பேசி என்ன லாபம்?" என்பீர்கள். எதிரே இருப்பவனும் பயிர் காய்ந்தால் கலங்குகிற விவசாயிதான் என்று தெரிந்ததே, அதை எந்தக் கோர்ட்டும் தர முடியாது.

பச்சைப் பாண்டத்தை அவசரமாகக் காயவைத்தால் விரிசல் விடும். நமக்குத் தெரியாததா? மனசும் அப்படித்தான். அடுத்த ஊர்வேலைக்கு மாற்றுக் கட்சி நண்பரை முதலில் கூப்பிடுங்கள். வரலைன்னா, மறுபடியும் கூப்பிடுங்கள்.