கொண்டை ஊசிப் போர்வை



கொண்டை ஊசி என்ற சொல்லைக் கேட்டதும், கொல்லிமலையின் 70 வளைவுகளும், வயிற்றைப் பிரட்டியபடி அவற்றில் ஏறிய பேருந்துப் பயணமும் நினைவுக்கு வருகிறவர்களே இன்று நம்மில் அதிகம். அந்த வளைவுகளுக்குப் பெயர் கொடுத்த பழைய ஊசியை, நம் பாட்டிமார் கொண்டையில் செருகிக்கொண்ட, இரண்டு கால்களும் ஒரு வளைவும் உடைய அந்தக் கறுப்புக் கம்பியை, இப்போது எந்த வீட்டுக் கண்ணாடிப் பிறைக்கு அருகிலும் காண முடிவதில்லை. அந்த அற்பமான கம்பியையே தறியாகப் பாவித்து லேஸ் பின்னுகிற ஒரு கலை உண்டென்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்மணிகள் தங்கள் கூந்தலிலிருந்து எடுத்த ஊசியிலேயே மெல்லிய நூலைச் சுற்றிச் சுற்றி அதைச் செய்தார்கள் என்பதும், பிற்பாடு ஊசி பெரிய கவையாக வளர்ந்து, நூலுக்குப் பதில் கம்பளி ஏறி, கைக்குட்டை ஓரத்துக்கு உதவிய வேலை போர்வையாகவே விரிந்தது என்பதும் எனக்குத் தெரியவந்தது புத்தகத்தால் அன்று. ஆரணியில், என் அத்தை வீட்டுத் திண்ணையில்தான்.

ஆரணியைப் பற்றிச் சரித்திரம் படித்தவர்கள் 1751-ஆம் ஆண்டில் கிளைவ் அங்கே நடத்திய சண்டையைச் சொல்வார்கள். ஜாகீர்தார்களையும் சத்திய விஜய நகரத்து அரண்மனையையும் சொல்வார்கள். அரிசி வியாபாரிகளுக்கு அது அரிசி ஆலைகளின் ஊர். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அந்த ஊரும், அதைச் சுற்றிய ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய இடங்களும் எனக்கு என்றைக்கும் தறிச் சத்தத்தின் பிரதேசங்களே. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையெல்லாம் பின்னால் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே நியதி ஒன்றுதான்: முதலாளி வீட்டில் பட்டும் ஜரிகையும் தராசில் நிறுத்துக் கொடுக்கப்படும்; நெய்த சேலை திரும்பி வருகையில் அதுவும் நிறுக்கப்படும்; பிறகு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓர் இழை விட்டிருக்கிறதா, ஓரம் இழுத்திருக்கிறதா என்று குற்றம் பார்க்கப்படும். காலையில் நெய்த ஒரு சாணுக்கும் மாலையில் களைத்த கையோடு நெய்த ஒரு சாணுக்கும் வேற்றுமை தெரியக்கூடாது என்பதற்காகவே அங்கே கூலி.

அத்தை அந்தத் தராசின் நிழலிலேயே ஆயுளைக் கழித்தவர். சிறுபிள்ளையாகத் தார் சுற்றினார். பெரியவளானதும் பாவு பிணைத்தார். பழைய பாவின் இழை நுனியோடு புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு, அவ்வளவுதான். பட்டு பட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்க்கதை பேசிக்கொண்டே அவர் இணைப்பதைப் பார்த்திருக்கிறேன். கண் மங்கத் தொடங்கியதும் முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வேலைக்கு வந்தார்; அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கற்று மறந்துபோயிருந்த குரோஷா ஊசி மறுபடி கையேறிற்று. பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் பெங்களூருக்குக் குடிபோகப் போகிறாள் என்றானபோது, "அந்த ஊர்க் குளிருக்கு நாமே ஒரு போர்வை போட்டுக் குடுக்கலாம்" என்று அவர் சொன்னது இந்த உரைக்குக் காரணம்.

கவை எங்கே வாங்குவது என்ற பிரச்சினையே எழவில்லை. மாமாவின் பழைய சைக்கிளிலிருந்து இரண்டு போக்ஸ் கம்பிகள் கழற்றப்பட்டன. மூங்கில் பட்டை இரண்டில் மூன்று அங்குல இடைவெளியில் துளை போட்டு, மேலும் கீழும் செருகியதும் தறி தயார். நூலின் தலைப்பில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு, அதை இரு கம்பிகளுக்கும் நட்டநடுவே நிறுத்தி, நூலை ஒரு கம்பியைச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்து வளையத்துக்குள் ஊசியை நுழைத்து நூலைக் கொக்கியால் இழுத்து ஒரு கண்ணி போட்டவுடன், கவையையே ஏட்டைப் புரட்டுவதுபோல் வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். புரட்டுகையில் நூல் தானாகவே மறு கம்பியைச் சுற்றிக்கொள்ள, அங்கே ஒரு புது வளையம் பிறக்கிறது. ஊசியின் பிடி கம்பியில் இடிக்குமாகையால், ஒவ்வொரு புரட்டலுக்கும் அதை நிமிர்த்தி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவாக மறுபுறம் தள்ளிவிட வேண்டும். இந்த ஓர் அசைவை எழுத்தில் விளக்கவே முடியாது. நான் இப்போது விளக்கியதும் உங்களுக்குப் புரிந்திராது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து மூன்று தடவை புரட்டிக் காட்டினார். நான்காம் தடவை வந்துவிட்டது.

கம்பி நிறைந்ததும் கீழ்மூங்கிலைக் கழற்றி, மேலே நாலைந்து வளையங்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை உருவிவிட்டால், நடுவே தண்டும் இருபுறமும் கால்களுமாக ஒரு பட்டை தொங்கும். அதற்கு அத்தை வைத்த பெயர் பூரான். பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. ஒரு பூரானுக்குப் பக்கத்துக்கு 200 வளையம், மொத்தம் 12 பூரான்கள் என்று கணக்கு; அதாவது 4,800 வளையங்கள். எண்ணிக்கை பிசகாமலிருக்க இருபதாவது வளையந்தோறும் சிவப்பு நூல் ஒன்று கட்டி அடையாளம் வைப்பார்.

பட்டைகளை இணைக்கும் கட்டமே இக்கலையின் லாவண்யமெல்லாம் கூடுகிற இடமென்பது என் அபிப்பிராயம். அதற்குப் புதிய நூலும் வேண்டாம், தையலும் வேண்டாம். இரண்டு பூரான்களைப் பாயில் அருகருகே கிடத்தி, இந்தப் பக்கத்து வளையங்களில் இரண்டை ஊசியில் எடுத்து, அவற்றினூடே அந்தப் பக்கத்து இரண்டை இழுத்து, அந்த இரண்டினூடே மறுபடி இந்தப் பக்கத்து இரண்டை இழுத்து, இப்படியே மாறி மாறிப் போனால், இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடுவில் ஒரு சடை விழுகிறது. கொண்டையில் தொடங்கிய வேலை சடையில் வந்து சேர்கிறதென்று அத்தை சிரிப்பார். கடைசி வளையத்தை மட்டும் ஒரு துண்டு நூலால் கட்டியாக வேண்டும். அதைக் கட்ட மறந்து, ஒரு குழந்தை விளையாட்டாக நுனியைப் பிடித்து இழுத்துவிட்டால், ஒரு முழுநாள் வேலை கண்ணெதிரே சரசரவென்று அவிழ்ந்து மறுபடி இரண்டு பூரான்களாகக் கிடக்கும். இது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

தோஷங்களையும் சொல்லிவிட வேண்டும். இது முழுக்க முழுக்க வளையங்களால் ஆனது. கொலுசு மாட்டும், மோதிரம் மாட்டும், நகம் மாட்டும். பச்சைக் குழந்தையின் கால் விரல் சிக்கிக்கொள்ளக்கூடுமாதலால் தொட்டில் பிள்ளைக்கு இதைப் போர்த்துவதை நான் சம்மதிக்க மாட்டேன். துவைத்தால் கொடியில் தொங்கப்போடலாகாது; ஈரக்கனத்தில் நீண்டுவிடும்; கயிற்றுக் கட்டிலின் மேல் நிழலில் விரித்துத்தான் உலர்த்த வேண்டும். ஆயினும் ஓட்டை நிறைந்த இது குளிர் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு, மெல்லிய போர்வையொன்றை மேலே போட்டு மூடிக்கொண்டால், வளையங்களில் தங்கிய காற்றே உடம்புச் சூட்டை வெளிவிடாமல் காக்கும் என்று அனுபவத்தில் சொல்லலாம். நெருக்கிப் பின்னுகிற குரோஷா வேலைக்கு ஆகிற நூலில் ஒரு பகுதியே இதற்கு ஆகிறதென்பதும் சிறிய லாபமல்ல.

லேஸ் நம் நாட்டுக்கு வந்த வரலாறு பெரிது. ஒரு பகுதியை மட்டும் தொட்டுச் செல்கிறேன். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்குத் தலையணை லேஸ் கற்பித்தார். கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்ட அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். கோதாவரி ஜில்லாவில் நரசாப்பூரைச் சுற்றி வேரூன்றியதோ குரோஷா லேஸ். அந்தப் பெண்களிடையே ஆராய்ந்து ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட நூல், உலகச் சந்தைக்குப் போகிற சரக்கை நாளெல்லாம் குனிந்து பின்னியும், வீட்டில் சும்மா இருக்கிற நேரத்துப் பொழுதுபோக்கென்று பெயர் சூட்டப்பட்டதால் அவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே என்பதை எடுத்துக்காட்டிற்று. ஆகவே, கைவேலை என்றாலே அன்பு, அன்பு என்றாலே கைவேலை என்று வானொலியில் உருகுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதே ஊசி, அதே கண்ணி. தராசு நடுவில் வந்துவிட்டால் லேஸும் பட்டுச் சேலைபோலவே கணக்குக்குட்பட்ட சரக்குத்தான்.

அத்தையின் போர்வையில் நான் கண்ட விசேஷம், அதில் தராசு இல்லாததோடு நிற்கவில்லை. பன்னிரண்டு பட்டைகளும் தனித்தனி ஆனபடியால், அவற்றை ஒருவரே போட வேண்டிய நிர்ப்பந்தமில்லை. ஐந்து பட்டைகள் அத்தை போட்டது, மூன்று அவர் மகள், இரண்டு பக்கத்து வீட்டு அக்கா, ஒன்று, பேத்திக்கே தெரியாமல் அவள் சிநேகிதி, ஒன்று நான். தறியில் இழுப்பைப் பாவும் படமரமும் பார்த்துக்கொள்கின்றன. இங்கே இழுப்பு முழுவதும் விரலில் இருக்கிறது. அத்தையின் வளையங்கள் ஒரே சீராக, எண்ணெய் தடவியவைபோல் படிந்திருந்தன. மகளுடையவை சற்றுத் தொளதொளவென்று கிடந்தன. அவள் எப்போதும் எதிலும் அவசரக்காரி. ஆயுள் முழுவதும் தன் கை தெரியாமல் வேலை செய்வதற்கே கூலி வாங்கிய ஒருத்தி, கைகள் அத்தனையும் தெரிகிற ஒரு வஸ்திரத்தை, அவற்றை மறைக்க யாதொரு முயற்சியும் செய்யாமல் சேர்த்துப் பின்னினார் என்பது எனக்கு வெகுநேரம் வியப்பாக இருந்தது.

என் பட்டையைப் பற்றிச் சொல்லாமலிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நான் நூலை இறுக்கி இழுக்கிறவன். போக்ஸ் கம்பியோ மெலிசு. என் இழுப்புக்கு நடுவில் உள்நோக்கி வளைந்துகொடுத்ததால், மூன்று அங்குலம் இருக்க வேண்டிய பட்டை இடையிடையே உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்துப் போயிற்று. சிவப்பு நூல் கட்டுவதிலும் ஓரிடத்தில் தவறிவிட்டேன் போலும். எண்ணினால் 197 வளையங்களே இருந்தன. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இணைக்கும்போது, என் பட்டையிலிருந்து மட்டும் மூன்று இடங்களில் இரண்டு வளையத்துக்குப் பதில் ஒற்றை வளையத்தை எடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டார்.

போர்வை முடிந்த மாலை, மாமா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஐம்பது வருஷப் பழக்கம் போகுமா, போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தெருவாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் குற்றம் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஏழாவது பட்டை யாரு போட்டது? மூணு எடத்துல ஒத்தையா வருதே."

"நம்ம தம்பி போட்டது" என்றார் அத்தை. "மடிச்சு வைங்க. விளக்கு வைக்கிற நேரமாச்சு."