ஐந்து துளி நீரும் அனர்த்த தண்ட விரதமும்

(திண்டிவனத்தில் ஆற்றிய உரை)

 

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பிறந்த நம் பிள்ளைகள் பலர் இன்று கணினித் துறையில் பணியாற்றுகின்றனர். செயற்கை நுண்ணறிவும் நம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. அது இயங்குவது, சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் உள்ளவை போன்ற தரவு மையங்களில். அங்குள்ள கணினிகள் இரவு பகலாக மின்சாரத்தை உண்கின்றன. அவற்றின் வெப்பம் தணிக்கப் பல மையங்கள் நீரைப் பருகுகின்றன.

தனது ஜெமினியிடம் கேட்கப்படும் நடுத்தரமான கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் நீரும் செலவாவதாகக் கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அதாவது, 50 வாட் மின்விசிறி 17 விநாடி சுழலும் மின்சாரம். ஐந்து துளி நீர். சிறிய செலவே. ஆயின் அந்நுண்ணறிவைப் பயிற்றுவித்த செலவும், மின்நிலையம் கொண்ட நீரும் இக்கணக்கில் சேரவில்லை. கேட்போரோ கோடிக்கணக்கானோர். 2024இல் உலகத் தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரம் கொண்டன. 2030க்குள் இது இருமடங்கைக் கடக்கும், செயற்கை நுண்ணறிவே அதற்கு முதற்காரணம் எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது.

மின்சாரத்தின் உண்மை விலையை அண்டையிலுள்ள நெய்வேலியில் காணலாம். பழுப்பு நிலக்கரிக்காக மண்ணை அகழ்கின்றனர். சுரங்கம் மூழ்காதிருக்க நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்கின்றனர். பின்னர் தீ மூட்டுகின்றனர். நீரின் அருமையை 2019இல் கண்டோம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீர் தொடர்வண்டியில் சென்னை சென்றது. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் சில, நீரின்மையால் பணியாளரை வீட்டிலிருந்தே பணிபுரியச் சொல்லின.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதமும் ஒன்று. பயனின்றி மண்ணகழ்தல், நீர் சிந்துதல், தீ மூட்டுதல், மரஞ்செடி வெட்டுதல் ஆகியவற்றை விலக்குவது அது. இப்புதிய கருவியை எடைபோட அவ்விரதமே நமக்குத் துலாக்கோல். தன் நிலத்து மண்ணைப் பற்றி உழவர் கேட்பதும், விளங்காத பாடத்தை மாணவி கேட்பதும் பயனுடையன. ஒரு வாழ்த்துக்காகப் பத்துப் படங்கள் வரையச் சொல்லி, ஒன்பதை எறிவது அனர்த்தம்.

இத்துறையிலுள்ள இளைஞர்களே, உங்கள் நிறுவனம் கொள்ளும் நீர் எவ்வளவு, அது குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா, மின்சாரம் காற்றாலையுடையதா, நிலக்கரியுடையதா எனக் கேளுங்கள். எங்களால் சில துளிகளைக் காக்க இயலும். ஏரியளவு நீரைக் காக்கும் வாய்ப்பு உங்களிடமே உள்ளது.

அறம் வெல்க!