தகுதிகாண் ஓட்டம்: எதைத் தெரிந்தெடுப்பது?

(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் வீதிவழியே சில மைல் ஓடிவிட்டு, அதனை 'மரதன் ஓட்டம்' என்று சொல்லி மகிழ்கிறோம். அதில் குற்றமில்லை. ஆயினும் உண்மை மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். 400 மீற்றர் மைதானத்தை ஏறக்குறைய நூற்றைந்தரை முறை சுற்றிவருவதற்கு அது சமம்.

பொழுதுபோக்காக ஓடும் நம்மவர்க்கும் உலகப் புகழ்பெற்ற ஓட்டமொன்றில் கலந்துகொள்ளும் ஆசை எழலாம். 1897ஆம் ஆண்டு தொடங்கிய பொஸ்டன் மரதனில் நேரத் தகுதியால் இடம்பெற விரும்புவோர், முன்னதாக வேறொரு மரதனைக் குறித்த நேரத்துள் ஓடி முடித்திருக்க வேண்டும். 2026ஆம் ஆண்டு ஓட்டத்திற்கு 18 முதல் 34 வயதுவரையுள்ள ஆண்களுக்கு 2 மணி 55 நிமிடமும், பெண்களுக்கு 3 மணி 25 நிமிடமும் வைத்தார்கள். 60 முதல் 64 வயதுவரையுள்ள ஆண்களுக்கு 3 மணி 50 நிமிடம். ஆகவே, பெரியோர்களே, தாங்களும் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை!

அந்தத் தகுதிகாண் ஓட்டத்தை எப்படித் தெரிந்தெடுப்பது? வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அந்த முறையே நமக்கும் போதும்.

முதலாவது வலி. 10 கிலோமீற்றர், பின்பு அரை மரதன், அதன் பின்பே முழு மரதன். விதித்த நேரத்தை எட்டினாலும் இடம் உறுதியில்லை. 2026இல் விண்ணப்பித்தோர் மிகுந்தமையால், அந்த நேரத்தினும் 4 நிமிடம் 34 விநாடியாவது விரைந்து ஓடியவர்க்கே இடம் கிடைத்தது.

இரண்டாவது காலம். கொழும்பு மரதன் நடைபெறும் ஆண்டுகளில் நமக்கு அண்மையிலுள்ளது அதுவே. தரை சமமானது, கடற்கரைப் புழுக்கமோ கடுமையானது. மலைக்காற்றில் பழகிய நாம் அதற்கென ஆயத்தமாக வேண்டும். மும்பாயில் ஜனவரி மாதத்தில் மரதன் நடக்கிறது. அங்கோ கால் தளர்ந்த பிற்பகுதியில் பெடர் வீதியின் ஏற்றம் காத்திருக்கும்.

மூன்றாவது இடம். பலாபத்வலயிலிருந்து தம்புள்ளைவரை நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஆனால் மொத்தத்தில் அது இறக்கம். இறக்கம் தந்த வேகத்தை நம் வலிமையென மயங்கலாகாது. பொஸ்டனாரும் 2027ஆம் ஆண்டு ஓட்டம் முதல், மொத்தத்தில் 1,500 அடியோ அதற்கு மேலோ இறங்கும் பாதைகளில் பெற்ற நேரத்துடன் 5 நிமிடமேனும் கூட்டிக் கணக்கிட விதி செய்துள்ளனர்.

யாவற்றினும் முக்கியம் அளவை. அங்கீகாரம் பெற்ற பாதையைச் சரிபார்த்த துவிச்சக்கர வண்டியால், ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியே அளப்பர். தூரம் குறைந்துவிடாதிருக்க ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டுவர். அளவாத பாதையில் எத்துணை விரைந்தோடினும் அந்த நேரம் செல்லாது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கட்டி, ஓராண்டு உழைத்து ஓடிய பின்னரா இதனை அறிவது? ஆகவே பணம் கட்டுமுன், பாதைக்கு அங்கீகாரம் உண்டா என்று எழுதிக் கேட்போம்.

இளைஞர்களே, முதலில் நம்மூரிலேயே 10 கிலோமீற்றர் பாதையொன்றைச் செவ்வையாக அளப்போம். மாதமொருமுறை அதிகாலையில் ஓடுவோம். பெரியோர்கள் வழியில் தண்ணீருடன் நின்று நேரத்தைக் குறித்து உதவட்டும். தகுதியுள்ளவன் பணமின்றி நின்றுவிடாதபடி சிறு நிதியொன்றும் சேர்ப்போம்.